மருந்துக்கடை அம்மணிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அம்மணிக்கு,

பூச்சிமருந்துக் கடைக்காரர்களின் பயிற்சிக்கு நீ எழுதிய கையேட்டின் பதினோராம் பக்கத்தில் கிடங்கின் வரைபடம் ஒன்று போட்டிருக்கிறாய். அலமாரி, அடிப்பலகை, காற்றுப்போக்கி, தீயணைப்பான், மணல் வாளி எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கின்றன. வடகிழக்கு மூலையில் மட்டும் ஒரு சின்ன வட்டம். பக்கத்தில் 'தரை கழுவிய நீர் வெளியேறும் வழி' என்று எழுதியிருக்கிறாய். அதைப் பார்த்ததும் கையேட்டை மூடி வைத்துவிட்டேன். மிச்சத்தை மறுநாள்தான் படித்தேன்.

பூச்சிமருந்து வைக்கிற அறையின் தரையில் வெளியே போகிற துவாரம் இருக்கவே கூடாது. உனக்கு இது தெரியாமலா இருக்கும்? வேளாண்மைப் பட்டப்படிப்பு படித்தவள். கொத்தனார் பழக்கம் உன்னையும் பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான். நம் ஊரில் எந்த அறை கட்டினாலும் மூலைக்கு வாட்டம் விட்டு ஒரு துவாரம் போட்டுவிட்டுத்தான் கொத்தனார் கரண்டியைக் கீழே வைப்பார். சமையலறைக்கும் குளியலறைக்கும் அது சரி. மருந்து அறையில் ஒரு லிட்டர் பாட்டில் உடைந்தால், கடைப் பையன் முதலில் செய்வது என்ன? ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, துடைப்பத்தால் துவாரத்துக்குத் தள்ளுவான். ஒரு லிட்டர் மருந்து பத்து லிட்டர் விஷத் தண்ணீராகிச் சாக்கடைக்குப் போகும். கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் சாக்கடை கடைசியில் எந்த வாய்க்காலில் விழுகிறது, அந்த வாய்க்கால் யார் வயலுக்கும் எந்த மாட்டுக்கும் போகிறது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. துவாரம் இல்லாவிட்டால் அவனுக்குத் தண்ணீர் ஊற்றத் தோன்றாது. தேங்குமே என்று யோசிப்பான். மணலையோ மரத்தூளையோ கொட்டி, ஊறவிட்டு, அள்ளுவான். துவாரம் இருக்கிற அறை அவனைத் தப்பாகப் பழக்கும். இல்லாத அறை சரியாகப் பழக்கும்.

எனவே அந்த வட்டத்தை அழித்துவிடு. வாட்டம் வேண்டுமானால் உள்ளேயே ஒரு குழிக்கு விடு. அதிலிருந்து வெளியே குழாய் போகக் கூடாது. வாசலில் நாலு விரல் உயரத்துக்குச் சிமெண்டால் ஒரு மேடு. அட்டைப்பெட்டி தூக்கி வருபவன் கால் தட்டித் திட்டுவான், திட்டட்டும். தரை வழவழவென்று பூசியிருக்க வேண்டும். செங்கல் தளம் மருந்தைக் குடித்துவிட்டு வருஷக்கணக்கில் கக்கும்.

நீ இதற்குப் பதிலாக ஒரு முழுப் பக்கம் தடுப்புச் சுவரைப் பற்றி எழுதியிருக்கிறாய். மிகப் பெரிய கலனின் கொள்ளளவில் 110 சதவீதம் தாங்க வேண்டும் என்கிறாய். சிரிப்பு வந்துவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. உங்கப்பா கடையில் இருக்கிற மிகப் பெரிய கலன் ஐந்து லிட்டர் கேன். அதற்கு ஐந்தரை லிட்டர் தாங்கும் சுவர் எழுப்பச் சொல்கிறாயா? அந்தக் கணக்கு அமெரிக்காவில் விவசாயப் பொருள் விற்கும் பெரிய கிடங்குகளுக்கு ஆனது. அங்கே மருந்து லாரியில் வந்து, நிலையான தொட்டியில் இறங்கி, தொட்டியிலிருந்து விவசாயியின் கலனுக்கு நிரம்பும். 500 காலன், அதாவது சுமார் 1,900 லிட்டருக்கு மேற்பட்ட தொட்டிகளுக்குத்தான் அந்தத் தடுப்பு. 2006இல் அவர்கள் கொண்டுவந்த விதி அது. விதி நல்ல விதிதான். ஆனால் அதிலிருந்து சுவரை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டாய். அதே விதியில் இன்னொன்றும் இருக்கிறது. மறுபடி மறுபடி நிரப்புகிற கலன் ஒவ்வொன்றுக்கும் அழியாத தனி எண் வேண்டும். வாயில் ஒருவழி வால்வோ, திறந்தால் காட்டிக்கொடுக்கும் முத்திரையோ வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, மருந்தைப் பதிவு செய்த கம்பெனியின் எழுத்துமூல ஒப்பந்தம் இல்லாமல் விற்பனையாளர் ஒரு சொட்டுகூட மாற்றி நிரப்பக் கூடாது. அவ்வளவு பெரிய தொட்டி வைத்திருப்பவனுக்கே இந்தக் கட்டுப்பாடு. இதைத்தான் நீ கொண்டுவந்திருக்க வேண்டும். ஏனென்றால் உன் ஆறாம் அத்தியாயத்துக்கு நேர் பதில் அதில்தான் இருக்கிறது.

ஆறாம் அத்தியாயத்துக்கு வருகிறேன். 'தவிர்க்க முடியாத நிலையில் சிறு அளவில் பிரித்துக் கொடுக்கும்போது' என்று தலைப்பு. காற்றோட்டமான இடம், கையுறை, தனிப் புனல், அளவுக் குடுவை, பிறகு பாட்டிலின் மேல் மருந்தின் பெயரை எழுதி ஒட்டுதல். ஒழுங்காகத்தான் எழுதியிருக்கிறாய். அந்த ஒழுங்குதான் என்னை எரிச்சல்படுத்துகிறது. செய்யக் கூடாத காரியத்தை எப்படிப் பாங்காகச் செய்வது என்று பாடம் எடுத்திருக்கிறாய்.

நீ அடிக்குறிப்பில் சட்டத்தையும் காட்டியிருக்கிறாய். 1968ஆம் வருஷப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தில், உற்பத்தி என்றால் என்ன என்று சொல்லுகிற பிரிவு. பொட்டலம் போடுவது, லேபிள் ஒட்டுவது, பிரிப்பது எல்லாம் உற்பத்தியில் சேரும். ஆனால் சாதாரணச் சில்லறை வியாபாரத்தில் பொட்டலம் போடுவதும் பிரிப்பதும் சேராது என்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு, கடைக்காரருக்கு உற்பத்தி உரிமம் வேண்டாம், பிரித்துக் கொடுக்கலாம் என்கிறாய். எத்தனையோ கடைக்காரர்கள் இதே வாசகத்தை என்னிடம் காட்டியிருக்கிறார்கள். அவர்கள் யாரும் 1971ஆம் வருஷ விதிகளின் 16ஆவது விதி வரைக்கும் போனதில்லை. விதிகளில் சொன்னபடி பொதியப்பட்டு, லேபிள் ஒட்டப்பட்டு இல்லாத எந்தப் பூச்சிக்கொல்லியையும் யாரும் இருப்பு வைக்கவோ, விற்பனைக்குக் காட்டவோ, விற்கவோ கூடாது. கடைக்காரன் புனல் வைத்து ஊற்றின பாட்டிலில் பதிவு எண் ஏது? தொகுதி எண் ஏது? தயாரித்த தேதி, காலாவதித் தேதி, மாற்று மருந்து, விஷத்தின் கடுமையைக் காட்டும் அந்தச் சாய்சதுரம்? ஒன்றும் கிடையாது. முதல் வாசகம் திறந்துவிட்ட கதவை 16ஆவது விதி சாத்திவிடுகிறது. நீ பேனாவால் எழுதி ஒட்டுகிற பெயர்ச் சீட்டு லேபிள் ஆகாது.

இந்த லேபிள் விஷயத்தில் எனக்கு ஒரு கிறுக்கு உண்டு. ஒத்துக்கொள்கிறேன். உங்கப்பாவைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்.

அது ஒட்டிக்கொண்ட இடம் வேறு. கடைப்பக்கம் வருவதற்கு முன்னால் நான் மருந்து கலந்து நிரப்புகிற ஆலை ஒன்றில், ஃபில்லிங் ஹாலில் வேலை பார்த்தேன். மூலமருந்து 200 லிட்டர் டிரம்களில் வரும். கரைப்பானும் பால்மமாக்கியும் சேர்த்து, வடிகட்டி, நிரப்புகிற வரிசைக்கு வரும்போது அது நீ அலமாரியில் பார்க்கிற மருந்து. கால் லிட்டர், அரை லிட்டர், ஒரு லிட்டர். சைலீன் வாடை சட்டையிலிருந்து வெள்ளிக்கிழமைக் குளியலுக்கும் போகாது. எங்கள் ஃபோர்மேன் தென்பாண்டிக்காரர். அதிகம் பேச மாட்டார். கசிவைப் பார்த்தால்கூட நிதானமாக மணலைக் கொண்டுவரச் சொல்வார். லேபிள் கணக்கு ஒன்று பிசகினால் மட்டும் மனுஷர் வேறு ஆளாகிவிடுவார்.

லேபிளுக்கென்று தனி அறை, தனிப் பூட்டு. காலையில் இத்தனை என்று எண்ணி வாங்க வேண்டும். சாயங்காலம் நிரம்பின பாட்டில், கிழிந்த லேபிள், கோணலாக ஒட்டி உரித்த லேபிள், மீந்த லேபிள் எல்லாம் கூட்டினால் காலைக் கணக்கு வர வேண்டும். வரவில்லையென்றால் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. குப்பைத் தொட்டியைக் கவிழ்த்து, மேஜைக்கடியில் தவழ்ந்து, செருப்பைத் திருப்பிப் பார்த்து, ஒட்டிக்கொண்ட லேபிளைக் கண்டுபிடித்த சாயங்காலங்கள் உண்டு. கிழிசல்களை அவர் முன்னால்தான் எரிக்க வேண்டும். நாங்கள் அவரைக் கஞ்சன் என்று நினைத்தோம். ஒரு லேபிள் என்ன விலை இருக்கும்? பிறகுதான் விளங்கியது. வெளியே போன ஒரு நல்ல லேபிள், சுண்ணாம்புத் தண்ணீரையும் மருந்தாக்கிவிடும். லேபிள் இல்லாமல் வெளியே போன ஒரு பாட்டில் மருந்து, வெறும் தண்ணீராகிவிடும். இரண்டுமே ஆளைக் கொல்லும். அவர் காவல் காத்தது காகிதத்தை அல்ல.

இன்னொன்றும் அவரிடம் பார்த்தேன். களைக்கொல்லி நிரப்புகிற வரிசை தனிக் கட்டடத்தில் இருக்கும். அங்கே கூட்டுகிற துடைப்பத்தின் கட்டையில் சிவப்புச் சாயம் அடித்திருப்பார். அந்தத் துடைப்பம் இந்தப் பக்கம் வந்துவிட்டால் அன்றைக்கு ஹால் முழுக்கக் கழுவித் துடைக்க வேண்டும். 2,4-டி களைக்கொல்லி கொஞ்சூண்டு பருத்தி மருந்தில் கலந்துவிட்டால் என்ன ஆகும் என்று தாராபுரத்துப் பக்கம் பருத்தி போட்ட யாரையும் கேள்; இலை குறுகிப் பிளந்து, பருத்திச் செடி வெண்டைச் செடி மாதிரி நிற்கும். நீ களைக்கொல்லியையும் பூச்சிக்கொல்லியையும் தனித்தனித் தட்டில் வை என்று எழுதியிருக்கிறாய். சரி. விதையை ஏன் விட்டுவிட்டாய்? உங்கப்பா கடையிலேயே மக்காச்சோள விதை மூட்டையின் மேல் களைக்கொல்லிப் பெட்டி உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். முளைக்காத விதைக்கு வரும் சண்டையில் பாதிக்குக் காரணம் விதைக் கம்பெனி அல்ல என்பது என் அபிப்பிராயம்.

இப்போது மறுபடி லேபிளுக்கு வருகிறேன். லேபிள் யாருக்கு? விவசாயி படிப்பதற்கு என்றுதான் நீ எழுதியிருக்கிறாய். விவசாயி பெரும்பாலும் படிப்பதில்லை. கடைக்காரர் சொல்வதைத்தான் கேட்கிறார். லேபிளை உயிர்போகிற அவசரத்தில் படிக்கப் போகிறவர் ராத்திரி இரண்டு மணிக்கு அரசு ஆஸ்பத்திரியில் இருக்கிற பயிற்சி மருத்துவர். கூட வந்தவர் மடியிலிருந்து பாட்டிலை எடுத்துக் கொடுப்பார். அதில் குளோர்பைரிபாஸ் என்று இருந்தால் மருத்துவர் அட்ரோபின் போட ஆரம்பிப்பார். சைபர்மெத்ரின் வகை என்றால் அதே அட்ரோபினை அந்த அளவில் போட்டால் அதுவே கெடுதல். பாராகுவாட் என்றால் மாற்று மருந்தே கிடையாது. மூச்சு வாங்குகிறது என்று ஆக்சிஜன் கொடுத்தால் நுரையீரல் இன்னும் சீக்கிரம் கெடும், அதனால் அவசியப்பட்டால் ஒழியக் கொடுக்க மாட்டார்கள். மூன்றுக்கும் மூன்று வழி. வந்தது லேபிள் இல்லாத குவார்ட்டர் பாட்டில் என்றால்? "என்ன மருந்துப்பா?" என்று கேட்பார். "கத்திரிக்கு அடிக்கிறதுங்க" என்பார் கூட வந்தவர். அதற்கு மேல் அந்த மருத்துவர் என்ன செய்வார், பாவம்?

பாராகுவாட் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். அந்த மருந்தைப் பல நாடுகளில் ஜனங்கள் குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி வீட்டில் வைத்தார்கள். அதன் நிறம் கோலா மாதிரி இருந்ததால் தெரியாமல் குடித்துச் செத்தவர்கள் ஏராளம். கடைசியில் கம்பெனியே அதில் நீலச்சாயத்தையும், குமட்டுகிற நாற்றத்தையும், வாந்தி வரவைக்கும் பொருளையும் சேர்க்க வேண்டியதாயிற்று. பாட்டில் மாற்றாதே என்று லேபிளில் சொல்லிப் பார்த்தார்கள், கேட்கவில்லை. அதனால் மருந்தையே மாற்றினார்கள். மாற்றி ஊற்றுவது எவ்வளவு ஆழமான பழக்கம் என்பதற்கு இதைவிட அத்தாட்சி எனக்குத் தெரியாது. நீ அந்தப் பழக்கத்துக்குக் கையுறை போட்டுவிடப் பார்க்கிறாய்.

எதிர்த் திசையிலும் போக்குவரத்து உண்டு. மருந்து இருந்த கலனுக்குள் சாப்பாட்டுப் பொருள் போவது. 2013 ஜூலையில் பீகாரில் சாரண் மாவட்டத்துப் பள்ளி ஒன்றில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் இருந்தது. மருந்து இருந்த டப்பாவில் எண்ணெய் வைத்திருந்தார்கள் என்று அப்போது சொல்லப்பட்டது. அதை நீ குறிப்பிட்டிருக்கிறாய், நல்லது. ஆனால் நம் சந்தையில் நீலப் பேரல் விற்கிறவர்களைக் குறிப்பிடவில்லை. மூலமருந்து வந்த பேரல்கள் பழைய சாமான் கடை வழியாக வந்து, எத்தனை தோட்டத்து வீட்டில் குடிநீர்ப் பேரலாக நிற்கின்றன! "மூணு தடவ கழுவிப்போட்டமுங்க" என்பார்கள். மூன்று முறை அலசுவது, அலசின தண்ணீரைத் தெளிப்பானிலேயே ஊற்றி, காலிக் கலனை ஓட்டை போட்டு அப்புறப்படுத்துவதற்கு. அதில் குடிநீர் பிடிப்பதற்கு அல்ல. 44ஆவது விதி காலிக் கலனை வெளியே போட்டு வைக்காதே, உடைத்துக் குடியிருப்புக்கு அப்பால் புதை என்கிறது. இன்றைக்குப் பிளாஸ்டிக்கைப் புதைக்கச் சொல்வது சரியா என்று நீ கேட்டிருக்கிறாய். நல்ல கேள்வி. கம்பெனியே திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதுதான் என் கட்சியும். ஆனால் அது நடக்கிற வரைக்கும் ஓட்டை போடு. ஓட்டை விழுந்த பேரலை யாரும் வாங்க மாட்டான்.

சாப்பாட்டுப் பொருளோடு மருந்தை வைக்காதே என்பதை ஒரு வரியில் முடித்துவிட்டாய். அந்த ஒரு வரியால்தான் சட்டமே வந்தது, அம்மணி. 1958இல் கேரளத்திலும் அப்போதைய சென்னை மாநிலத்திலும் கோதுமை மாவும் சர்க்கரையும் சாப்பிட்டவர்கள் விழுந்து விழுந்து இறந்தார்கள். நூற்றுக்கும் மேல். சரக்கோடு சரக்காக வந்த ஃபாலிடால், அதாவது பாரத்தியான், கசிந்து உணவுப் பொருளில் ஊறியிருந்தது. நீதிபதி ஷா தலைமையில் விசாரணைக் குழு போட்டார்கள். அதன் பிறகு நிபுணர் குழு, கடைசியில் அந்தச் சாவுகள் நடந்து பத்து வருஷம் கழித்து 1968இல் சட்டம். தனி அறையில் வை, இல்லையென்றால் பூட்டின அலமாரியில் வை, அறை உலர்ந்து வெளிச்சமும் காற்றும் உள்ளதாக இருக்கட்டும் என்று 36ஆவது விதி சொல்வதெல்லாம் அந்த மாவு மூட்டைகளிலிருந்து வந்தது. பயிற்சிக்கு வருகிற கடைக்காரர்களில் பாதிப்பேர் மளிகையும் சேர்த்து நடத்துகிறவர்கள். அவர்களுக்கு விதி எண்ணைச் சொல்லாதே. இந்தக் கதையைச் சொல்.

அவர்கள் காதில் ஏற வேண்டுமென்றால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீ அதை முழுசாக விட்டுவிட்டது எனக்கு ஆச்சரியம். சட்டத்தின் 30ஆவது பிரிவு, மூன்றாம் உட்பிரிவு. ஆய்வாளர் உன் கடையில் மாதிரி எடுக்கிறார். மருந்து தரமில்லை என்று முடிவு வருகிறது. கடைக்காரர் எப்படித் தப்பிப்பார்? உரிமம் உள்ளவரிடம் முறையாக வாங்கினேன்; குறை எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் வழியில்லை; என் கையில் இருந்தபோது சரியாக வைத்திருந்தேன், வாங்கினபடியே இருக்கிறது என்று நிரூபித்தால் அவர் மேல் குற்றம் இல்லை. இந்தக் கடைசி வார்த்தைகளைக் கவனி. வெயில் அடிக்கிற அலமாரி, மூடி திறந்த பாட்டில், லூஸில் விற்ற மிச்சம் இதெல்லாம் இருந்தால் அந்தப் பாதுகாப்பு போயிற்று. கிடங்கை ஒழுங்காக வைப்பது விவசாயிக்காக, மீனுக்காக, ஊருக்காக என்று நீ உருக்கமாக எழுதியிருக்கிறாய். கடைக்காரன் கேட்டுக்கொள்வான், தலையாட்டுவான், வீட்டுக்குப் போய்விடுவான். நீ கோர்ட்டுக்குப் போகாமல் இருப்பதற்கு இதுதான் வழி என்று சொல், அன்று சாயங்காலமே அலமாரியை நகர்த்துவான்.

லூஸில் விற்பது ஏன் நிற்பதில்லை என்று நீ யோசித்திருந்தால் ஆறாம் அத்தியாயத்தை வேறு விதமாக எழுதியிருப்பாய். அரை ஏக்கர் கத்திரி போட்டவருக்கு ஒரு டேங்குக்கு இருபது மில்லி போதும். சின்னப் பாட்டில் வாங்கினால் மில்லி கணக்கில் விலை அதிகம். பெரிய பாட்டிலில் மலிவு. கடைக்காரர் பெரிய பாட்டிலை உடைத்து நடுவிலை ஒன்று சொல்வார், இருவருக்கும் லாபம். இந்தக் கணக்கை எடுத்துப் போட்டு, சின்னப் பாட்டிலை எந்தக் கம்பெனி எந்த விலைக்குக் கொடுக்கிறது, பக்கத்துத் தோட்டத்துக்காரர் இருவர் சேர்ந்து ஒரு முழுப் பாட்டிலை வாங்கிப் பங்கிட்டு அதே நாளில் அடித்து முடிப்பது எப்படி என்று எழுது. அந்தப் பக்கத்துக்கு நான் உனக்கு முழு மார்க் போடுவேன். மேலும், லூஸில் ஊற்றுவதற்குக் கிடைக்கிற டப்பாவில் மருந்து நிற்காது. சைலீன் மாதிரிக் கரைப்பான் சாதாரண பாலிஎத்திலீன் டப்பாவின் சுவர் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும்; டப்பாவின் பக்கங்கள் உள்ளே குழிந்துவிடும். ஆலையில் அலுமினியப் பாட்டிலும் பல அடுக்குப் பாட்டிலும் தேடிப் பிடித்தது சும்மா இல்லை. பாத்திரம் தேர்ந்தெடுப்பது மருந்து தயாரிப்பில் பாதி வேலை.

உன்னைத் திட்டுவதற்கே இந்தக் கடிதம் என்று நினைத்துவிடாதே. பத்தொன்பதாம் பக்கத்தைப் படித்தபோது நான் எழுந்து நின்றேன். உண்மையாகத்தான் சொல்கிறேன், நாற்காலியை விட்டு எழுந்து ஜன்னல் பக்கம் போய் மறுபடி படித்தேன். தகரக் கூரைக் கிடங்கில் மூன்று உயரத்தில் தெர்மாமீட்டர் கட்டி, சித்திரை மாதம் முழுக்க மதியத்திலும் ராத்திரியிலும் எழுதி வைத்திருக்கிறாய். மேல் தட்டுக்கும் கீழ் தட்டுக்கும் அவ்வளவு வித்தியாசம் என்று எனக்குத் தெரியாது. எத்தனையோ கிடங்கில் நின்றிருக்கிறேன். மேலே சூடு என்று உடம்புக்குத் தெரியும். அதை அளந்து பார்க்க வேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எந்த மருந்தை எந்தத் தட்டில் வைப்பது என்பதை அந்த அளவிலிருந்தே நீ முடிவு செய்திருக்கிறாய். கம்பெனி 'குளிர்ந்த இடத்தில் வை' என்று அச்சடிக்கிறது. குளிர்ந்த இடம் எது என்று இந்த மாவட்டத்தில் எழுதிக் காட்டியவள் நீ.

அந்தப் பக்கத்தின் மதிப்பு உனக்கே முழுசாகத் தெரியுமா என்று எனக்குச் சந்தேகம். 1976இல் பாகிஸ்தானில் மலேரியா ஒழிப்புக்கு மலாத்தியான் தூளைத் தண்ணீரில் கலந்து அடித்தார்கள். பாதுகாப்பான மருந்து என்று பெயர் வாங்கினது. சுமார் 7,500 தெளிப்பாளர்களில் 2,800 பேர் வரைக்கும் விஷம் ஏறிப் படுத்தார்கள். ஐந்து பேர் இறந்தார்கள். ஆராய்ந்து பார்த்தபோது, இருப்பில் கிடந்த தூளில் ஐசோமலாத்தியான் உண்டாகியிருந்தது. மலாத்தியானை உடைத்து நம்மைக் காப்பாற்றும் நொதியை அது முடக்கிவிடும். வெப்பத்தில் கிடந்தால் அது இன்னும் வேகமாக உண்டாகும். லேபிள் மாறவில்லை, கலன் மாறவில்லை. இருப்பில் கிடந்ததிலேயே மருந்து வேறு மருந்தாகிவிட்டது. லேபிள் கிறுக்குப் பிடித்த என்னைப் போன்றவர்கள் வாயை மூட வேண்டிய இடம் இது. உன் தெர்மாமீட்டர் பார்ப்பதை எந்த லேபிளாலும் பார்க்க முடியாது. அடுத்த பதிப்பில் இந்தச் சம்பவத்தையும் சேர்த்து அந்தப் பக்கத்தை அத்தியாயமாக்கு. ஆறாம் அத்தியாயத்தை எடுத்துவிட்டால் அதற்கு இடமும் கிடைக்கும்.

இன்னும் ஒரே ஒரு உறுத்தல். காலாவதியான சரக்கைத் தனியாக எடுத்து, 'விற்பனைக்கு அல்ல' என்று முத்திரை குத்தி, பலகை மாட்டி, ஒதுக்கின இடத்தில் வைக்கச் சொல்லியிருக்கிறாய். விதி சொல்வதும் அதுதான். பூட்டச் சொல்லியிருக்கிறாய். சாவி யாரிடம் இருக்கும் என்று சொல்லவில்லை. கையேடு முழுக்கத் தேடிவிட்டேன். பூட்டு ஏழெட்டு இடத்தில் வருகிறது, சாவி ஒரு இடத்திலும் வரவில்லை. கடையில் சாவி ஆணியில் தொங்கும். ஆணி கல்லாவுக்குப் பின்னால் இருக்கும். டீ வாங்கப் போகிற பையனுக்கும் அது தெரியும். போன தடவை நான் வந்தபோது உங்கப்பா கடையிலும் ஆணியில்தான் தொங்கியது. சாவி யார் இடுப்பில் இருக்கிறது, அவர் ஊருக்குப் போனால் யாரிடம் கொடுக்கிறார், நோட்டில் யார் கையெழுத்துப் போடுகிறார் என்று ஆள் சொல்லி எழுது. திருத்தினதும் அச்சுக்குப் போவதற்கு முன்னால் ஒரு பிரதி கொடுத்தனுப்பு. எழுத்தைக் கொஞ்சம் பெரிசாகப் போடச் சொல். இந்தத் தடவை அடிக்குறிப்புகளைப் பேரனை வைத்துத்தான் படித்தேன், அவனுக்கு இப்போது 2,4-டி என்றால் என்னவென்று தெரியும்.

அன்புடன்,
உங்கப்பாவின் பழைய கூட்டாளி